அருகில் போய் எடுத்த படம்

வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் நாற்பது லிட்டர் முதுகுப்பை ஒன்று வாங்கினேன். எங்கள் செங்கம் சாலைப் பக்கம் வருடம் முழுவதும் வெளிநாட்டுக்காரர்கள் அப்படிப்பட்ட பையோடு வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவர்கள் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையா? நேரில் போய் ஆய்வு செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் மனைவி வரவில்லை. பதினோரு இடமாறுதல்களில் உலகத்தைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது என்று சொன்னாள். நான் புறப்படும் நாளில் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவாள், நான் திரும்பியதும் திரும்புவாள்.

சுற்றுலா நிறுவனம், கொடி பிடித்த வழிகாட்டி, தென்னிந்திய உணவு உத்தரவாதம் எதுவும் இல்லாமல் தனியாகத்தான் போனேன். மற்றவர்கள் பயப்படுகிற விசா விண்ணப்பம்தான் எனக்குப் பயணத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. ஆறு மாத வங்கிக் கணக்கு நகல், தங்குமிட முன்பதிவு, வெள்ளைப் பின்னணியில் காது தெரியும்படி ஒரு புகைப்படம். எந்தத் தூதரகமும் என் மனுவைத் திருப்பியதில்லை. லாவோஸ், வியட்நாம், ஜார்ஜியா, பெரு என்று போனேன். எட்டுப் பேர் படுக்கும் அறைகளில், பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மேல்கட்டிலில் ஏறிப் படுத்தேன். அரசு விருந்தினர் மாளிகைகளைவிட அங்கே கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

படங்கள் நிறைய எடுத்தேன். அவை எப்படி இருந்தன என்றால், ஆக்கிரமிப்பு நிலத்துக்குத் துறையில் எடுக்கும் படங்களைப் போல இருந்தன. பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிற மாதிரி நான்கு எல்லையும் தெரிய வேண்டும். அளவு தெரிவதற்காக ஓரமாக ஒரு மனிதர் நிற்க வேண்டும். கோபுரமானாலும் மலையானாலும் இருபதடி தள்ளி நின்று எடுத்தேன். மனிதர்கள் எல்லாம் முதுகும் தலைமுடியுமாகத்தான் விழுந்திருந்தார்கள்.

லாவோஸில் ஒரு விடுதியில், எனக்குக் கீழ்க்கட்டிலில் இருந்த பிரேசில் நாட்டுச் செவிலிப் பெண் என் அறுநூறு படங்களையும் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு, இதில் யாரோடாவது பேசினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதுதான் படத்தில் தெரிகிறது என்றாள். கேமராவைப் பைக்குள் வையுங்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள், பெயரைக் கேட்காதீர்கள், செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள், வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் மனிதர்களுக்கு முகம் திறக்கும் என்றாள். வார்டில் ஊசி போடும்போது கற்றுக்கொண்டதாம்.

நான் உத்தரவுகளை நிறைவேற்றிப் பழகியவன். மறுநாள் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த கிழவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பேச மொழி இல்லை. சட்டியைப் பிடித்துக்கொடுத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மனிதரின் கண் அதில் விழுந்திருந்தது. அதற்கப்புறம் ஜார்ஜியாவில் அடுப்புக்குள் தலையைவிட்டு ரொட்டி தட்டும் பெண், பெருவில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பாட்டி என்று படங்கள் தேறின. தனியாகப் பயணம் செய்பவர்களுக்கான இணையப் பக்கம் ஒன்றில் போட ஆரம்பித்தேன். படத்துக்குக் கீழே இடம், தேதி, நேரம் மூன்றையும் தவறாமல் எழுதுவேன். தேதியில்லாத ஆவணம் ஆவணமே அல்ல.

பயணங்களுக்கு இடையில் கை மறந்துவிடக் கூடாது என்று உள்ளூரில் பழகினேன். எங்கள் ஊருக்கு வரும் எல்லாக் கேமராக்காரர்களும் எடுப்பது ஒரே படத்தைத்தான். தாடி, விபூதி, காவி, பின்னால் மங்கலாக மலை. அதை நான் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். வைத்திருந்ததோடு சரி. ஒரு பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் காலை, கிரிவலப் பாதை காலியாகக் கிடந்தபோது, அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் அருகில் போய் நானும் உட்கார்ந்தேன். கேமரா பைக்குள்தான் இருந்தது.

அவருடைய இடது கட்டைவிரல் சப்பையாக நசுங்கியிருந்தது. அதைக் கேட்டேன். மோட்டாருக்குக் காயில் கட்டும்போது நசுங்கியது என்றார். பம்புசெட் மோட்டாரா என்றேன். ஆமாம் என்றார். என் முதல் பணியிடத்தில் ஒரு கிராமத்தில் காயில் எரிந்ததற்கு மின்வாரியத்தைக் குற்றம் சொல்லி விவசாயிகள் அலுவலகத்தை முற்றுகையிட்ட கதையை நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயில் எரியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, அதுல பாதி கட்டறவன் பண்றதுதான் என்றார். எந்த ஊர் என்றேன். திண்டிவனம் பக்கம் என்று சொல்லி, ஊரின் பெயரையும் சொன்னார். அதெல்லாம் முடிந்துபோனது, இத்தனை வருஷம் வடக்கே இருந்தேன், இங்கே வந்து நாலு மாசம் ஆகிறது என்றார்.

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எடுத்துக்கோங்க. யாருக்குக் காட்டப் போறீங்க?” என்றார்.

இன்னும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபோதே எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இணையப் பக்கத்தில் அது அந்த மாதத்தின் சிறந்த படமாயிற்று. யார் யாரோ எடுத்துப் போட்டார்கள். அடி அண்ணாமலைக்கு அந்த முகத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நாளில் அது “காலை வணக்கம்” ஆகி, பற்றற்று இருப்பது பற்றி யாரோ எழுதிய இரண்டு வரியோடும் நாலு ரோஜாப்பூவோடும் வாட்ஸாப்பில் சுற்ற ஆரம்பித்தது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

அந்தக் காலை வணக்கம் திண்டிவனம் பக்கத்தில் ஒருவருக்கும் போனது. அவர் அந்தச் சாமியாரின் தம்பி.

இதை எனக்குச் சொன்னது சாமியாரின் மனைவி. ஒரு சனிக்கிழமை காலை, கையில் பிளாஸ்டிக் கவரோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கவரில் இருந்த காகிதங்களை அடுக்கியிருந்த விதத்திலேயே, பல அலுவலகங்களில் பல முறை திருப்பி அனுப்பப்பட்டவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. படத்தின் கீழே என் பெயர் இருந்திருக்கிறது. வக்கீல் மூலம் விலாசம் பிடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். கணவர் எட்டு வருடம் முன்பு, காலையில் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியும் வாங்கியாயிற்று. வீடு கணவர் பெயரில். கொழுந்தனார் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஓர் அறையில் இவரையும் மகளையும் ஒதுக்கி, அதையும் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம். அப்படி நீதிமன்றம் சொன்னால்தான் இறப்புச் சான்று, அது இருந்தால்தான் வாரிசுச் சான்று, அது இருந்தால்தான் பட்டா மாற்றம். இந்த வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதில் கடைசிக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன். இன்னும் இரண்டு வாய்தாவில் தீர்ப்பு என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். அப்போதுதான் கொழுந்தனார் செல்போனை நீட்டியிருக்கிறார்.

அந்த அம்மா என்னிடமிருந்த மூலப் படத்தைக் கேட்டார். கணினியில் திறந்து காட்டினேன். முகத்தை அவர் முதலில் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பெரிதாக்கச் சொன்னார். பிறகு மேலே நகர்த்தச் சொன்னார்.

“சிரிக்கிறாரு” என்றார். “வீட்ல இப்டி சிரிச்சுப் பாத்ததில்ல சார்.”

காப்பி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

வந்த வேலையை அவர் நேராகவே கேட்டார். அது பழைய படம், எட்டு வருடம் முன்னால் அவர் வீட்டைவிட்டுப் போன புதிதில் எடுத்தது என்று நான் நீதிமன்றத்தில் சொல்லிவிட வேண்டும். கொழுந்தனார் தரப்பு எனக்கு சம்மன் அனுப்பப் போகிறது. கோப்புக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருக்கும், பக்கத்திலும் நானே தேதி எழுதியிருக்கிறேன் என்று விளக்கினேன்.

“கோர்ட்ல உங்களத்தானே சார் கேப்பாங்க? கேமராவயா கேப்பாங்க?”

நான் மாற்று வழிகளைச் சொன்னேன். மாற்று வழி சொல்வதில் நான் கெட்டிக்காரன். சன்னியாசம் வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் செத்தவர்தான், ஆனால் எந்த மடத்தில், யார் கையால், என்ன சடங்கு செய்து வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். காவி கட்டியிருந்தால் மட்டும் போதாது. அதைவிடச் சுலபம், ஆள் உயிரோடுதான் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போய்ச் சார்பதிவாளர் முன்னால் ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம். வீடு அன்றைக்கே அந்த அம்மா பேருக்கு வந்துவிடும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து, மனைவியோடு சேர்த்து மூன்று பேரும் அடி அண்ணாமலைக்குப் போனோம்.

அவர் அங்கே இல்லை. டீக்கடைக்கார அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது.

“அவரா? போயி ஒரு மாசம் ஆவுது. கேமராக்காரங்க ஜாஸ்தியாயிட்டாங்க. காத்தால வந்து மூஞ்சிக்கு நேரா நிக்கிறாங்க. சிரிங்க சாமி, சிரிங்க சாமின்றாங்க. சாமி எந்திரிச்சுப் போயிட்டாரு.”

எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டரும் விசாரித்தோம். என் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டோம். பார்த்த எல்லாருக்கும் படம் தெரிந்திருந்தது. ஆள் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அந்த அம்மாவைக் கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி சொன்னாள்:

“முன்னெல்லாம் உங்க போட்டோல ஆளே தெரியாது. அதுவே தேவலாம்.”

அடுத்த மாதம் சம்மன் வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறுவது எனக்குப் புதிதல்ல. பதவியில் இருந்தபோது துறை சார்பில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். கொழுந்தனாரின் வக்கீல் இளைஞர், அவசரக்காரர். படத்தை நீங்கள்தான் எடுத்தீர்களா என்றார். ஆம். எந்தத் தேதி என்றார். சொன்னேன். அது எப்படியும் பதிவில் இருந்தது, மறைக்க வழியில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் கேள்வி. தாடி வைத்த யாரோ ஒருவர் என்று எதிர்த்தரப்பு சொல்லுமே, இவர் இன்னார்தான் என்பதற்கு ஏதாவது தெரியுமா?

அந்த அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பிளாஸ்டிக் கவர். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். இருபதடி தள்ளி நின்று எடுத்திருந்தால் அதுதான் உண்மையாகவும் இருந்திருக்கும். வழியில் போகிறவன் ஒரு சாமியாரைப் படமெடுத்தான், அவ்வளவுதான். ஆளை உறுதி செய்ய முடியவில்லை என்றால் வழக்கு பிழைத்துக்கொள்ளும் என்று அந்த அம்மாவின் வக்கீல் வெளியில் வைத்தே என்னிடம் சொல்லியிருந்தார். பொய் சொல்லுங்கள் என்று சொல்லாமல், எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு நாசூக்காக.

ஊர் பெயரைச் சொன்னார் என்றேன். மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்ததாகச் சொன்னார் என்றேன். இடது கட்டைவிரல் நசுங்கியிருந்தது, அது எப்படி நசுங்கியது என்பதையும் சொன்னார் என்றேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

நேர்மை என்று இதை யாரும் பாராட்ட வேண்டாம். மேலிடத்திலிருந்து போன் வந்ததால், பார்க்காத இடத்தைப் பார்த்ததாகவும் நிலத்தில் இல்லாத அனுபவத்தை இருப்பதாகவும் எழுதி நான் கையெழுத்துப் போட்ட கோப்புகள் உண்டு. இங்கே கேட்டவருக்குப் பதவி இல்லை, சத்துணவுக் கூடத்துச் சமையல்காரர். எனக்கு உண்மை பேசுவதில் ஒரு செலவும் இல்லை. அதனால் பேசினேன்.

வழக்கு தள்ளுபடியான அன்றும் போயிருந்தேன். போக வேண்டிய அவசியம் இல்லை. கொழுந்தனார் எனக்குக் கைகொடுக்க வந்தார். நான் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த வீரம்.

அந்த அம்மா வராந்தாவில் தூணோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விலகிப் போகவில்லை. திட்டவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு ஜன்னலில் வேலை முடியாதபோது அடுத்த ஜன்னலைக் கேட்கிற குரலில், “இனி என்ன சார் பண்ணணும்?” என்றார்.

மேல்முறையீட்டில் பயனில்லை என்றேன். கணவரே வந்து கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லையென்றால், கடைசியாகத் தகவல் கிடைத்த தேதியிலிருந்து மறுபடி ஏழு வருடம்.

“கடைசித் தகவல்னா?”

“நான் படம் எடுத்த தேதி.”

அவர் விரல்விட்டு எண்ணினார். மகள் வயதை எண்ணினாரா, தன் வயதையா என்று தெரியவில்லை. இரண்டு கையும் தேவைப்பட்டது.

“அதுக்குள்ள வேற யாராச்சும் அவர போட்டோ புடிச்சுட்டா?”

ஆறுதலாக ஏதாவது சொல்லத் தெரிந்த மனிதன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். எனக்கு விதிதான் தெரியும்.

“அப்போ அந்தத் தேதியிலேர்ந்தும்மா” என்றேன்.

சரி என்று தலையாட்டினார். காகிதங்களை வரிசை மாறாமல் கவருக்குள் வைத்து மடித்துக்கொண்டு, மதியச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.