சென்ட் போத்தல் பெற்றோல்

போரால் பெற்றோல் வராத அந்த நாட்களில் முரசுமோட்டையில் ஓடிய ஒரே வாடகைக் கார் ஒரு சாரதியுடையது. சட்டைப்பையில் வைத்திருக்கும் சென்ட் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்புவார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.

ஒருநாள், முன்பு வான் வைத்திருந்த கடை முதலாளி காய்ச்சலில் கிடந்த மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தக் காரில் ஏற்றினார். நான் முன்சீற்றில் இருந்தேன்.

பாதிவழியில் கார் நின்றது. சாரதி திரும்பிச் சொன்னார்: "கிளப்பப் பெற்றோல் முடிஞ்சுது. இறங்கித் தள்ளுங்கோ முதலாளி."

இறங்கப்போன என்னைச் சாரதி கையைப் பிடித்து இருத்தினார். முதலாளி தள்ளினார். கார் கிளம்பியது, அவர் கத்திக்கொண்டு ஓடிவந்தும் நிற்கவில்லை.

"நிப்பாட்டினால் திரும்பக் கிளம்பாது, நடந்து வாங்கோ!" என்றவர் என்னிடம் சொன்னார்: "மனுசியைப் பிள்ளைவலியோட றோட்டில வைச்சுக்கொண்டு கை காட்டினனான். இவற்ற வானும் நிக்கேல்லைத் தம்பி."

ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு வந்து, போத்தலை எடுத்தார். அது கழுத்துவரை நிறைந்திருந்தது.