ஜனத்தொகைக் கணக்கில் வந்த பெரியம்மா

1956 மே 14, திங்கட்கிழமை, காலை 6.10 மணிக்குப் பாலக்காட்டில் ரயிலேறினேன். கைப்பையில் ஒரு தாள் இருந்தது. தேவிகுளத்துக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை, 1921ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின் நகலிலிருந்து என் தாயாரின் குடும்பத்தைப் பெயர்த்தெழுதி அனுப்பியது: கணவன், மனைவி, மகள் எஸ்தர் வயது ஏழு, மகள் ரூத் வயது ஐந்து.

ரூத் என் அம்மா. ஆறு வயதில் பெற்றோர் இருவரையும் காய்ச்சலுக்கு இழந்து, பாலக்காட்டு மிஷன் விடுதியில் வளர்ந்தவர். தமக்கு ஓர் அக்கா உண்டென்று நாற்பதாம் வயதில்தான் அறிந்தார். நேரில் போய்ப் பார்க்கத் துணிவின்றி என்னை அனுப்பினார்.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு ஐம்பத்து மூன்று மைல். பேருந்துக் கட்டணம் இரண்டு ரூபாய் இரண்டணா. மறையூர் தாண்டியதும் நடத்துனர் கேட்டார்:

"யாரு ஊட்டுக்குங்க?"

"பெரியம்மா வீட்டுக்கு."

"பரீட்சைக்குப் போறாப்பல இருக்கீங்களே."

அன்றிரவு தேவிகுளத்தில் அம்மாவின் தோழி வீட்டில் தங்கினேன்.

மறுநாள் 9 மணிக்குத் தோட்ட அலுவலகம் சென்றேன். எஸ்தர் இன்றும் ஏழாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருப்பதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். ஆனால் தொழிலாளர் பதிவேட்டில் எஸ்தரின் தந்தை பெயர் தாவீது. என் தாத்தாவின் பெயர் அதுவன்று. 1921ஆம் ஆண்டு நகலைக் கேட்டு வாங்கினேன். அடுத்த வீட்டுப் பதிவு: தாவீது, மனைவி, பிள்ளைகள் இல்லை. இருமுறை படித்தேன்.

நண்பகலில் எஸ்தர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நான் ரூத்துக்கு அக்காளா? அப்பவே தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுச் சோறு பூராத்தையும் தின்னு தீர்த்திருப்பேனே."

பிறகு சொன்னார்: "கணக்கெடுத்த ராத்திரி எங்கம்மாவுக்குப் பிரசவ வலி. என்னைப் பக்கத்து வீட்ல ரூத்தோட படுக்க வச்சாக. போர்வைய முழுசா இழுத்துக்குவா உங்கம்மா. கணக்கெடுக்க வந்தவரு எங்க வீட்டுக்குள்ளயும் எட்டிப் பார்க்கணும்னு நின்னாராம். ரூத்தைப் பெத்த அம்மா மறிச்சுக்கிட்டு, 'அங்க புருசனும் பொண்டாட்டியுந்தான். இந்த ரெண்டும் என் மகளுக. எழுதிக்கிட்டுப் போங்கய்யா'ன்னு அனுப்பிட்டாகளாம். எங்கம்மா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா."

மே 16 காலை தேவிகுளம் அஞ்சலகத்தில் கடிதத்தாள் ஒன்று வாங்கினேன். அம்மா இதைத் தனியே இருந்து படிக்கட்டும் என்று என் புறப்பாட்டை இரண்டு நாள் தள்ளி வைத்தேன். அக்கா இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். தம்மைப் பெற்ற தாய் பேசிய பேச்சு ஒன்றுகூட அம்மாவுக்கு இதுவரை தெரியாது. ஆகவே அதனடியில், எஸ்தர் சொன்னபடியே, ஓரெழுத்தும் திருத்தாமல், அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதி அஞ்சலில் சேர்த்தேன்.