திரையில் தெரிந்த திருநீறு

எண்பதுகளில் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் ஃபேக்டரியில் நானும் என் அக்காவும் வேலை பார்த்தோம். அவள் லைனில் ஆபரேட்டர். நான் பழுதான சிப்புகளைச் சோதிக்கும் லேப்பில் உதவியாள். அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து கிளம்பி, ஃபெரியில் கடல் தாண்டித் தீவுக்கு வந்து, ஃபேக்டரி பஸ் பிடிப்போம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பின் மேல் ஒட்டவைப்பது அக்காவின் வேலை. எனக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அதற்கான வைத்தியம் அவள் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதமும் இருந்தாள்.

அப்போது பார்த்துத்தானா அவள் மெஷினில் மட்டும் கம்பி ஒட்டாமல் போக வேண்டும்! சூப்பர்வைசர் நம் தமிழ் ஆள்தான். "பட்டினி கெடந்தா கை நடுங்காம என்ன செய்யும்? இப்படியே போனா வேலைய விட்டு நின்னுக்க லா" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். என்ன, வீட்டுக்கு வந்துதான் திட்டினேன்.

"வேலை போனா வைத்தியமும் போச்சுடி" என்று அக்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அவள் மெஷினில் கெட்டுப்போன சிப்புகள் எங்கள் லேப்புக்கு வந்தன. அங்கே பீரோ உயரத்துக்கு ஓர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருந்தது. வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, மற்ற மைக்ரோஸ்கோப்புக்கு எட்டாததை எல்லாம் திரையில் காட்டிவிடும். அதை இயக்கியவர் ஒரு சீன இஞ்சினியர் அம்மா. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம், அவரோடு மலாயில் பேசுவோம். நான் சிப்பை உள்ளே வைத்து மூடினேன். பம்ப் காற்றை உறிஞ்சி முடித்ததும் திரை வெளுத்தது.

அம்மாடி! நகத்தளவுகூட இல்லாத அந்தச் சிப்பில் ஒரு பட்டணமே இருந்தது. தீவின் கொடிமலை உச்சியிலிருந்து கீழே ஜார்ஜ் டவுனைப் பார்ப்பதுபோல் நேர் நேராகத் தெருக்கள், சந்துகள், முற்றங்கள். ஒரு முற்றத்தின் நடுவில் ஒரு பாறை கிடந்தது. மிஸ் பெரிதாக்கினார். பாறையில் குழிகள் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினார். குழிக்குள் பலகை பலகையாக, ஊசி ஊசியாக என்னென்னவோ நின்றன. பெரிதாக்கப் பெரிதாக்க அதற்கு முடிவே இல்லை. கண்ணில் படாத ஒரு தூசிக்குள் இவ்வளவு இடமா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போது பேப்பரைத் திறந்தால் நானோ நானோ என்கிறார்கள். அன்று எனக்கு அந்தச் சொல் தெரியாது, வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான் தெரியும்.

அந்தப் பாறையில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதையும் மெஷின் கோடு கோடாகக் காட்டியது. மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஃபேக்டரிச் சாமான் இல்ல லா. ஏதோ சாம்பல் மாதிரி இருக்கு" என்றார்.

சாம்பல் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. விரதம் தொடங்கியதிலிருந்து அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். குனிந்து கண்ணை வைக்கும்போதெல்லாம் நெற்றி மைக்ரோஸ்கோப்பில் உரசும். அதற்கு நேர் கீழேதான் சிப் இருக்கும். சொன்னால் மாட்டிக்கொள்பவள் அக்கா, சொல்லாவிட்டால் வேலை போவதும் அவளுக்குத்தான். வருவது வரட்டும் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வீட்டுத் திருநீற்றில் ஒரு சிட்டிகை மடித்துக்கொண்டு போனேன். அதே பாறை, அதே கோடுகள். மிஸ் சும்மா இருக்கவில்லை, தன் வீட்டில் சாமிக்கு ஏற்றும் ஊதுபத்தியின் சாம்பலையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அதுவும் திரையில் பாறை பாறையாகத்தான் தெரிந்தது. அப்புறம் அக்காவையும் சூப்பர்வைசரையும் கூப்பிட்டனுப்பினார்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. "முகத்துக்குப் பவுடர் போடக்கூடாதுன்னாங்க. நான் பவுடரத் தொட்டதே இல்ல மிஸ். திருநீறு எப்படி பவுடராகும்?"

மிஸ் சிரிக்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்து, "இவ கை நல்லாத்தான் இருக்கு. இனிமே எல்லாரும் முகத்தக் கழுவிட்டு உக்காரட்டும்" என்றார். அவன் நழுவிவிட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அக்கா போகவில்லை. திரையில் நின்ற திருநீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைகள் தானாகக் குவிந்தன. பிறகு மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இவ்ளோ சின்னதெல்லாம் பாக்குதே, என் வயித்துல ஏன் ஒண்ணும் தங்கமாட்டேங்குதுன்னு இதால பாக்க முடியுமா?"

மிஸ் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மெஷின் இன்னும் அந்த அளவுக்கு வரல லா" என்றார்.

அக்கா தலையாட்டினாள். கதவு வரை போனவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இங்கதானே இருக்கப் போற. வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுடி."