சுருட்டி வைத்த சட்டை

அன்று குடோனுக்கு லோடு வரவில்லை. தண்டையார்பேட்டை வூட்டில் சும்மா கிடந்தேன். மதியம் மடியில் படுத்திருந்த என் மகள் எழுந்து என் மார்பிலேயே வாந்தி எடுத்தாள். ஆறு வயசு. பார்த்தால் சோறு இல்லை. ரத்தம், கட்டி கட்டியாக.

தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ட்ரெய்லர்கள் துறைமுகம் வரை அடைத்து நின்றன. ஆம்புலன்ஸ் எங்கே நுழையும்? ஆட்டோவுக்குக் கை காட்டினேன். வருவான், என் சட்டையைப் பார்ப்பான், முறுக்கிக்கொண்டு போய்விடுவான். ஒருத்தன் மட்டும் தலையை நீட்டினான்.

"இன்னா மாமு, வெட்டா குத்தா? போலீஸ் கேஸு நமக்கு வாணாம்பா."

"கொயந்தைக்கு வாந்திப்பா." சொல்வதற்குள் போய்விட்டான்.

எங்க ஏரியாவில் ரத்தச் சட்டைக்கு ஒரே அர்த்தம்தான். கழற்றினேன். உள்பக்கமாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அவள் வாயைத் துடைத்தேன். அடுத்த ஆட்டோ நின்றது.

பாதி வழியில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். சுருட்டலிலிருந்து என் இடுப்பில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"புள்ளையோட ரத்தமாண்ணா?"

தலையாட்டினேன். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டு ராங் சைடில் ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு ரத்தம்? ஸ்பூன் அளவா, டம்ளர் அளவா?"

சட்டையை விரித்துக் காட்டினேன். அதற்கப்புறம் என்னை அவர் கேட்கவில்லை, நர்ஸைத்தான் கூப்பிட்டார். மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

உட்காரச் சொன்னார்கள். முடியவில்லை. கதவு வரை போவேன், சுவர் வரை வருவேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கால் நின்றுவிடும். வேறு யாரோ வருவார்கள். மறுபடி நடப்பேன்.

ஆஸ்பத்திரி என்று மட்டும் யாரோ சொல்லி, கம்பெனியிலிருந்து என் பெண்சாதி ஓடி வந்தாள். நான் வெறும் உடம்பு, கையில் ரத்தச் சட்டை.

"எவங்கூட சண்ட போட்ட? கொயந்த எங்க?"

கதவைக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டரம்மா வந்தார். தொண்டைக்குக் கீழே ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருக்கிறதாம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டார்களாம். பிழைத்துவிட்டாள்.

"ஆனா திரும்ப வரலாம். வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா போனா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், உடனே தூக்கிட்டு வாங்க."

இப்போதெல்லாம் காலையில் மகள் உள்ளே போனதும் கக்கூஸ் கதவோரம் நிற்கிறேன்.

"தண்ணி ஊத்தாத, இரு."

"அய்ய, கலீஜு நைனா நீ!"

எட்டிப் பார்ப்பேன். கறுப்பு இல்லை. அப்புறம்தான் சட்டையை மாட்டிக்கொண்டு குடோனுக்குக் கிளம்புவேன்.