எதிராளியின் வாயால்

2009 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தாமுவே சந்தை முனைத் தேநீர்க் கடையில் ஒன்பது பேர் இருந்தோம். கரீம் நானாவின் மருமகன் வந்தார். உட்காரவில்லை. "மாமா மௌத்தாயிட்டாங்க" என்றார். முந்தின நாள் மாலை அதே மேசையில் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர் இறந்துவிட்டார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சங்கத்து உறுப்பினர்களான உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். கப்பலில் சமையல்காரர், பிறகு மசாலாக் கடைக்காரர், பர்மாவில் எங்கள் தமிழர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் செயலாளர். குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஒரு கூட்டத்தையும் நேரத்துக்கு முடித்ததில்லை. யாரையும் பேச்சை முடிக்க விட்டதில்லை. ஐந்து வருடம் முன்பு அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவன் நான். அவருக்கு நான் எதற்கு நன்றி சொல்கிறேன் என்பதை நானே எழுதியாக வேண்டும்.

நான் மின்சாரம் படித்தவன். அப்போது சங்க மண்டபத்தின் சமையலறைச் சுவரை மழைக்காலத்தில் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். கல்யாணத்துக்குச் சமைக்கிற பெண்கள் ரப்பர் செருப்போடு நின்று சமைப்பார்கள். செயலாளரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கப்பல் கதை சொல்லி அனுப்பினார். ஒரு ஆள் செத்த பிறகுதான் ஒயரை மாற்றுவார்கள் என்று தோன்றியது. செயலாளர் பதவிக்கு நின்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. பொதுக்கூட்டத்தில் வேட்பாளரின் பேச்சு தமிழில் இருக்க வேண்டும் என்பது சங்க விதி. எனக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாயில் வராது. எங்கள் வீட்டிலேயே பர்மியம்தான். நான் பர்மியத்தில் ஆரம்பித்ததும் முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, இந்த மனு செல்லாது என்றார்கள். செல்லாமல் போனால் கரீம் நானாவுக்குப் போட்டியே இல்லை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

அவர் எழுந்து மேடைக்கு வந்தார். "பேச்சு தமிழ்ல இருக்கணும், அவ்வளவுதானே விதி? யார் வாயால வரணும்னு போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, பேசு என்று தலையை ஆட்டினார்.

நான் மரியாதை பார்க்கவில்லை. பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் தமிழில் சொன்னார், என் வேகத்தில், என் கோபத்தோடு. "செயலாளருக்கு மசாலா தெரியும், கப்பல் தெரியும். கரண்டு தெரியாது. தெரியாதுங்கறதும் தெரியாது. பன்னண்டு வருசமா பேசிப் பேசியே லைட்ட எரிய வைக்கப் பாக்கறாரு." கூட்டம் சிரித்தது. அவருடைய ஆள் ஒருவர், அதை விட்டுடுங்க நானா என்று கெஞ்சினார்.

"விட்டா அது என் பேச்சாயிடும்" என்றார். என்னிடம் திரும்பி, அடுத்தது என்ன என்றார்.

சில ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். மறுநாள் தேநீர்க் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த எலெக்ஷன்ல ரெண்டு தடவ பேசினது நான்தான். ரெண்டாவது பேச்சு ஜெயிச்சிடுச்சு."

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். வழக்கம்போலக் கப்பல் கதை வந்தது. ஒருமுறை இத்தாலியில் கப்பலைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்களாம். கூட வேலை செய்தவன் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் தன் ஊருக்கு இவரைக் கூட்டிப் போனான். தன்னாட்சி உள்ள பிரதேசம். அங்கே பிரதேச சபைக்குத் தேர்தல் நேரம். ஒரே ஊரில் இரண்டு மொழிக்காரர்கள். சாராயக் கடையில் கூட்டம் நடந்தது. ஒரு வேட்பாளர் பேசியது பாதிப் பேருக்குப் புரியவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் எழுந்து அதை மற்ற மொழியில் சொன்னாராம். பைத்தியமா இவன் என்று நானா நண்பனிடம் கேட்டிருக்கிறார். அவன் சொன்ன பதிலை எங்களுக்குச் சமையல்காரர் பாஷையில் சொன்னார்: "நம்ம ஆளு சொன்னா சீனி போட்டுடுவான். எதிராளி சொன்னாத்தான் ருசி மாறாது."

வயரிங் வேலை நடந்த நாட்களில் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னார். ஒன்றுகூட உருப்படியில்லை. ஆனால் ஏணியை விடவில்லை. அடுத்த கூட்டத்தில் எனக்காக மொழிபெயர்க்கச் சொன்னேன். முடியாது என்றார். "இப்ப நீ என் கூட்டாளி. சீனி போட்டுடுவேன்." வேறு வழியில்லாமல் நானே தமிழில் திக்கித் திக்கிப் பேசினேன். இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கடைசிச் சண்டை மா கின்னைப் பற்றியது. தாகேதாவில் பள்ளி ஆசிரியை, தமிழ்ப் பெண், பேச்சு முழுக்கப் பர்மியம். அடுத்த மாதத் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்க மனுக் கொடுத்திருந்தாள். நான் கற்றுக்கொண்டேன், அவளும் கற்றுக்கொண்டு வரட்டும் என்றேன். கரீம் நானா டம்ளரை வைத்துவிட்டு, "உன் வாய் தொறந்துச்சு, காது அடைச்சிக்கிச்சு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

அவர் கூட்டத்தை முடிக்காமல் இழுத்த அந்த மண்டபமும், பயமில்லாமல் தொடக்கூடிய அந்தச் சுவரும் நம் எல்லோருக்கும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர் என் பக்கத்தில் நின்று என் கோபத்தைத் தன் குரலில் சொன்ன அந்தக் கால் மணி நேரம்.

இனிச் செய்யப்போவது:

1. மா கின்னின் மனுவை ஏற்பேன்.
2. மழை வருவதற்குள் சமையலறை ஒயரை மறுபடி சோதிப்பேன்.
3. கூட்டத்தில் மா கின் பக்கத்தில் நிற்பேன். ஜெனரேட்டர் வாங்குகிறேன் என்று ஐந்து வருடமாக இந்தச் செயலாளர் ஏமாற்றுகிறார் என்று என்னைப் பற்றி அவள் சொல்வாள். அதை விடாமல் தமிழில் சொல்வேன்.