டாலஸில் வாங்கிய கண்ணாடி மெஷின்

அமெரிக்கா போனவர்கள் அருவி பார்ப்பார்கள். நான் பழைய கார் உடைக்கிற இடம் பார்த்தேன். 2001 மே மாதம், ஹூஸ்டனில் மகள் சுமதி வீட்டில் இருந்தபோது, தாம்பரத்திலிருந்து என் கொழுந்தன் ரவி போன் பண்ணினான்.

"அண்ணி, கார்ல டிரைவர் சைடு கண்ணாடி இறங்க மாட்டேங்குது. ஏசியும் போச்சு. கம்பெனியே படுத்துடுச்சு, இங்க பார்ட்ஸ் இல்ல. கண்ணாடியை ஏத்தி இறக்குற மெஷினையாவது அங்கேருந்து கொண்டாங்களேன்."

அந்தக் கொரியாக் கம்பெனி கார் வாங்கிய புதிதில் அவன் பேசியது எனக்கு மறக்குமா? "கப்பல், டிவி, காரு, எல்லாம் அவன்தான் அண்ணி. உலகத்தையே வளைச்சிடுவான்!" சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பண்ருட்டிக் கல்யாணம் முடிந்து வரும்போது என் கையில் பலாப்பழம். வாசம் சீட்டில் ஏறிடும் என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். உலகத்தை வளைக்க வந்த கம்பெனி சில வருஷத்திலேயே கடனில் முழுகிவிட்டது. என் கோபம் முழுகவில்லை.

"கொண்டாறேன். ஏர்போர்ட்டுக்கு அதே கார்ல நீ வரணும். வழியில பலாப்பழம் வாங்குவேன்."

"சரி அண்ணி" என்றான்.

அதே காரை அமெரிக்கக் கம்பெனி ஒன்று வேறு பெயரில் அங்கே விற்றதாம். சுமதி போன் போட்டு விசாரித்ததில் டாலஸில் ஒன்று கிடந்தது. சுமதி ஓட்ட, காலை ஆறுக்குக் கிளம்பினோம். ஃப்ரீவே 45-இல் 240 மைல், நாலு மணி நேரம். ஹன்ட்ஸ்வில் பக்கம் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைச் சிலை தெரியும். அங்கே நிறுத்திப் பொடி இட்லி சாப்பிட்டோம். போக வர பெட்ரோல் முப்பது டாலர்.

டாலஸில் அந்தக் கார் உடைக்கிற இடத்தில் செருப்புப் போட்டிருந்தால் உள்ளே விட மாட்டார்கள். மருமகனின் ஷூவை மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன்.

"டிரைவர் சைடா?" என்று கேட்டான் கடைக்காரன். சுமதி தலையாட்டினாள். மெஷினைக் கழற்றிக் கொடுத்தான், பதினைந்து டாலர்.

சொன்னபடி ரவி ஏர்போர்ட்டுக்கு வந்தான். பல்லாவரத்தில் நல்லாப் பழுத்த பழமாகப் பார்த்து வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். "டிக்கில வைக்கலாமே அண்ணி?" "இங்கேயே இருக்கட்டும்டா."

மறுநாள் மெக்கானிக் கதவைப் பிரித்துப் பார்த்து, "சார், இது இடது பக்கக் கதவோடது" என்றான். அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம் உட்காருகிறான். அந்தப் பக்கம் உட்கார்ந்து சுமதி இத்தனை மைல் ஓட்டியும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அதனால் பார்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் வலது, இடது என்று கேட்டு வாங்குங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ரவி அந்த வாரம் முழுக்கப் பலாப்பழ வாசத்தோடுதான் ஆபீஸ் போனான். அவன் பக்கத்துக் கண்ணாடி இறங்கவே இல்லை.