ரேணுகாதேவி காய்ச்சிய கறுப்பு பீர்

புதூர்நாட்டு மலையில் ரேணுகாதேவிக்குக் கோபம் வந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். தப்பு. அதற்கடுத்த ஊருக்கும் கேட்கும். ஆனால் அவள் கோபத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அவள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவள். பருவம் வந்தால் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்புகிறவள். சாராயம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. பெற்ற தகப்பன் குடித்தே செத்தவர். அர்ச்சுனன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்றெல்லாம் அவள் விசாரிக்கவில்லை. "குடிப்பாரா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டீத்தண்ணியே அளவாத்தான் குடிப்பான்" என்றார்கள். அது உண்மையாகவும் இருந்தது. அப்படிப்பட்டவளைத்தான் சாராயம் காய்ச்சினாள் என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நடந்தது இதுதான். அவளுடைய சாமைக்கொல்லை ஓடையில் போய் முடிகிற இடத்தில், புதர் மறைவில், யாரோ பேரல்களைப் புதைத்து ஊறல் போட்டிருந்தார்கள். வெல்லமும் மரப்பட்டையும் போட்டுப் புளிக்க வைத்து, காய்ச்சுவதற்குத் தயாராக இருந்த ஊறல். சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் ஊர்க்கவுண்டர் லட்சுமணனைக் கூப்பிட்டு, "இது யார் நிலம்?" என்று கேட்டார்கள். அவர் கொஞ்சமும் தயங்காமல், "ரேணுகாதேவியோடதுங்க" என்றார். அதில் பொய் இல்லை. நிலம் அவளுடையதுதான். ஊறல் யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கவுண்டரும் அவர் கூடவே சுற்றுகிற சடையனும் பொழுது சாய்ந்தால் ஓடைப் பக்கம் போவதை ஊரே பார்த்திருந்தது. ஊருக்கு ஊகம் இருந்தது, வாய்தான் இல்லை.

ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். அதைவிடக் கேவலம் வீட்டில் காத்திருந்தது. ஜெயிலுக்குப் போனவர் வீட்டில், வழக்கு முடிகிற வரை யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவும் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை அவள் வாசலில் நின்று சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே லட்சுமணன்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "ஊரு சட்டம்மா, நான் இன்னா பண்றது" என்றார். மலையேறி வந்த களைப்பில் அவள் வீட்டுத் தண்ணீரைச் சொம்போடு கவிழ்த்துக் குடிக்கிற பக்கத்து வீட்டு முத்தம்மாள், அன்று முதல் நாக்கு வறண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனாள்.

வருஷக்கணக்காக வாய்தா. போக ஜீப், திரும்ப ஜீப், கோர்ட்டு வாசலில் வெயில். கடைசியில் ஒருநாள் விடுதலை என்றார்கள். வக்கீல் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுட்டாங்கம்மா" என்றார்.

"இன்னா சந்தேகம்?" என்றாள் ரேணுகாதேவி.

"நீ செஞ்சிருப்பியோ இல்லியோன்னு."

"அப்ப நான் செய்யலைன்னு சொல்லலியா?"

"வெளிய வந்துட்ட இல்ல, அதான் முக்கியம். வூட்டுக்குப் போய்ட்டு நிம்மதியா இரும்மா."

நிம்மதியாம்! மலை ஏறும் வழியெல்லாம் அவள் அதையே சொல்லிச் சொல்லிப் பொருமினாள். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று சொல்ல இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. சந்தேகம் என்று ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைக் கொண்டுபோய் அவள் எங்கே வைப்பது? அவள் செய்யவில்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய வாய் உலகத்தில் ஒன்றுதான். அது ஊறல் போட்டவனின் வாய்.

"விடு ரேணு. முடிஞ்சிபோச்சி" என்றான் அர்ச்சுனன். அவன் நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷர்கள் 'விடு' என்று சொல்லும்போதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வழக்கு முடிந்தால் ஊரில் கும்பா கவிழ்ப்பது என்று ஒரு முறை உண்டு. விலக்கப்பட்டவர் வீட்டு வாசலுக்கு ஊர் வரும். வீட்டுக் கேழ்வரகில் காய்ச்சிய கூழை வெண்கலக் கும்பாவில் ஊற்றிக் கவுண்டருக்குக் கொடுக்க வேண்டும். அவர் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கும்பாவைத் தரையில் கவிழ்ப்பார். அத்தோடு அந்த வீட்டுத் தண்ணீர் எல்லோருக்கும் ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கும்பா கவிழ்ந்த பிறகு அந்தச் சங்கதியைப் பற்றி யாரும், எப்போதும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரேணுகாதேவிக்கு அதுதான் தொண்டையில் சிக்கியது. லட்சுமணன் ஒரே மடக்கில் கூழைக் குடித்துக் கும்பாவைக் கவிழ்த்துவிட்டால், அவர் செய்தது அதற்கடியிலேயே நிரந்தரமாக மூடிப்போகும். சொல்ல வைப்பதானால் அதற்கு முன்னால் சொல்ல வைக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி ஜீவானந்தம் வந்தான். பெங்களூரில், பீரை அங்கேயே தயாரித்து விற்கிற பெரிய ஓட்டலில் அவனுக்கு வேலை. அக்காவின் விடுதலையைக் கொண்டாடக் கேக் வாங்கி வந்திருந்தான். பேச்சுவாக்கில், "எங்க ஓட்டல்ல விசேஷம்னா தனியா ஒரு பீர் போடுவோம்கா. காப்பித்தண்ணி மாதிரி கறுப்பா இருக்கும். ஹாப்ஸ்னு ஒரு பூ, அத்தப் போட்டுக் காய்ச்சுனா அப்பிடி ஒரு கசப்பு. ஒரே மூச்சுல எவனும் குடிக்க முடியாது" என்றான்.

ரேணுகாதேவி கேக்கைக் கீழே வைத்தாள். "நம்ம கேழ்வரகுல வருமாடா?"

"மொளை கட்டி, வறுத்துப் போட்டா வரும். ஏன்கா?"

"அந்தப் பூவ வாங்கியா."

கவுண்டர் ஒரே மடக்கில் குடித்துவிடாதபடி, கும்பாவில் கூழுக்குப் பதில் அதை ஊற்றப் போகிறாள் என்று புரிந்ததும் ஜீவானந்தம் பதறினான். "அக்கா, வூட்டுல பீர் காய்ச்சறதும் கேசுதான். இப்பதான் வெளிய வந்திருக்கிற."

"செய்யாததுக்கு ஜெயிலுக்குப் போனேன் இல்ல? வாய்தாவுக்கு அலைஞ்சேன் இல்ல? ஒரு தபா செஞ்சிட்டுத்தான் போறேன். போனா கணக்கு சரியாப் பூடும்."

"மறுபடியும் ஜீப்பா?" என்றான் அர்ச்சுனன்.

"நீ சும்மா கெட" என்றாள்.

ஜீவானந்தம் பெங்களூர் போய் ஹாப்ஸையும், பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டையும் அனுப்பினான். செய்முறையைப் போனில் சொன்னான். அவள் கேழ்வரகை ஊற வைத்து முளை கட்டினாள், பாறையில் காய வைத்தாள். ஒரு பங்கைத் தனியே எடுத்து இரும்பு வாணலியில் கரியாகப் போகிற பதத்துக்கு வறுத்தாள். இரண்டையும் ஒன்றிரண்டாக உடைத்து, கொதிக்காத சுடுநீரில் ஊறப்போட்டு, அர்ச்சுனனின் பழைய வேட்டியில் வடிகட்டினாள். வடிந்த சாறு கன்னங்கரேலென்று தித்திப்பாக இருந்தது. அதை அடுப்பில் ஏற்றி ஹாப்ஸைக் கொட்டினாள். உன்னிச்செடித் தழையைக் கசக்கின மாதிரி ஒரு நெடி வீடெங்கும் பரவியது. தம்பி பாதியைப் போடச் சொல்லியிருந்தான். வருஷக்கணக்கில் அலைந்ததை நினைத்துக்கொண்டு முழுப் பொட்டலத்தையும் போட்டாள்.

ஆறவைத்து, ஈஸ்ட்டைக் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி மூடிவிட வேண்டும். திறக்கவே கூடாது என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். அங்கேதான் அவள் கை கேட்கவில்லை. புளிக்க வைத்ததைக் கிளறாமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. கூழுக்குக் கரைத்து வைக்கிற மாவைத் தினமும் துடுப்பு போட்டுக் கிளறித்தானே பழக்கம்? கல்யாணமான நாளிலிருந்து கூழிலேயே கிடந்து ஊறிய மரத்துடுப்பு அது. அதைக் கொண்டுவந்து தினமும் காலையில் டிரம்மைத் திறந்து, ஒரு நல்ல கிளறு கிளறி மூடினாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவான்.

கும்பா கவிழ்க்கிற நாள் வந்தது. ஊர் அவள் வாசலில் கூடியது. லட்சுமணன் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு சகிதம் பாயில் உட்கார்ந்தார். அவளுக்கு அவர் மாமன் முறை. பக்கத்தில் சடையன். ரேணுகாதேவி கும்பாவை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். கறுப்பாக, மேலே பழுப்பு நுரையோடு இருந்தது.

"இன்னாம்மா இது? கூழு எங்க?"

"நம்ம கேழ்வரகுதாங்க மாமா. வறுத்துப் போட்டுக் காய்ச்சுனது. வூட்டுக் கேழ்வரகுதான் முறை. கூழாத்தான் இருக்கணும்னு எங்கயாவது இருக்குதா?"

அவர் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. கும்பா கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்றால் விலக்கு நீங்காது, முறை தவறிய பழியும் அவர் தலையில் விழும். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டு போனது. இன்னொரு வாய் எடுத்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

கேட்க வேண்டிய கேள்வியை ரேணுகாதேவி நெஞ்சில் தயாராக வைத்திருந்தாள். கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கசப்பு கெடக்கட்டும். இது காடியாப் புளிச்சிப் போயிருக்குதே. தெறந்து தெறந்து கிண்டினியா?"

"தெனமும் துடுப்பு போட்டேங்க."

"அதான பார்த்தேன்!" லட்சுமணன் தொடையைத் தட்டினார். அவர் குரலில் இருந்தது சுத்தமான அருவருப்பு. "கூழுத் துடுப்ப ஊறல்ல போடுவாங்களா? ஊறலுக்கு ஒரு சுத்தம் வேணாமா? மூடுனா மூடுனதுதான். இத்தினி வருஷத்துல எங்க ஊறலு ஒரு பேரலாவது இப்பிடிக் காடியாப் போயிருக்குதா? சொல்லுடா சடையா!"

"ஒரு தபாகூட இல்லீங்க கவுண்டரே" என்றான் சடையன், பெருமையாக.

கூட்டம் முழுக்கக் கவுண்டர் பக்கம் திரும்பியது. சடையன்தான் முதலில் புரிந்துகொண்டு எழுந்து நின்றான்.

லட்சுமணனுக்கும் புரிந்தது. சட்டென்று கும்பாவை வாய்க்குக் கொண்டுபோய் மடக்மடக்கென்று விழுங்க ஆரம்பித்தார். காலி செய்து கவிழ்த்துவிட்டால் போதும், எல்லோர் வாயும் அடைந்துவிடும். பாதிக்கு மேல் இறக்கியும்விட்டார். ரேணுகாதேவி பீர் மொண்டு வைத்திருந்த செம்போடு குனிந்து, கும்பாவை விளிம்பு வரை மறுபடி நிரப்பினாள். கவிழ்க்கிற வரை ஊற்றுவது வீட்டுக்காரியின் உரிமை.

"இன்னும் கொஞ்சம் குடிங்க மாமா. யாரு ஊறலுன்னு சொன்னீங்க?"

அவர் குடித்துக்கொண்டே இருந்தார். கசப்பும் புளிப்பும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தது. இருமினார். கண்ணில் நீர் கோத்தது. "தண்ணி" என்றார். "கொஞ்சம் தண்ணி குடும்மா."

அந்த வீட்டுத் தண்ணீர்! யாரும் தொடக் கூடாது என்று அந்த வாசலிலேயே நின்று அவர் சொன்ன தண்ணீர். ரேணுகாதேவி உள்ளே போய்ச் சொம்பில் மொண்டுவந்தாள். கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடையில கெடந்த ஊறலு யாருது?" அவள் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

லட்சுமணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். யாராவது 'விடும்மா' என்று சொல்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. சொல்லக்கூடிய ஒரே ஆள் அர்ச்சுனன்தான். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்துதான்" என்றார் லட்சுமணன்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"என்துதாம்மா. ரேணுகாவுக்கு ஒன்னும் தெரியாது. போதுமா? தண்ணி குடு."

கொடுத்தாள். அவர் சொம்பை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். மிச்சத்தையும் கண்ணை மூடிக்கொண்டு முடித்து, கும்பாவைத் தரையில் ணங்கென்று கவிழ்த்தார். அப்பாடா என்று ஊர் மூச்சு விட்டது. முடிந்தது, இனி யாரும் பேச முடியாது. அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

ரேணுகாதேவி குனிந்து கும்பாவை எடுத்தாள். டிரம்மிலிருந்து ஒரு வாய் ஊற்றித் தானும் குடித்துப் பார்த்தாள். அவள் ஆயுசிலேயே முதல் வாய். தூவென்று துப்பினாள்.

"இந்தக் கருமத்துக்காடா என்னை ஜெயில்ல வெச்சீங்க?"

"கும்பா கவுந்துடுச்சிம்மா. பேசக் கூடாது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அவள் கும்பாவைக் கழுவினாள். வாசல் சுவரின் மேல், ஊரே பார்க்கும்படி, வாய் மேலே இருக்க நிமிர்த்தி வைத்தாள்.

"எங்க கவுந்துது?" என்றாள். "நான் இருக்கிற வரைக்கும் இது இப்பிடியேதான் இருக்கும். போறவங்க வர்றவங்க எல்லாம் பேசட்டும்."

யாரும் அதைத் தொடவில்லை. முத்தம்மாள் மட்டும் முன்னால் வந்து, தலை நிமிராமலே, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ரேணுகாதேவி அவளைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.